ஃபிலிம் கேமராவின் ஃபிளாஷ் மின்னவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நீடிக்கும் மழைக்காலம், பீரோவுக்குள் உறங்கும் பழைய ஃபிலிம் கேமராவை எவரும் தொடாமலேயே பழுதாக்கிவிடும். பேட்டரியை எடுக்க மறந்து வைத்துவிட்ட கேமராவாக இருந்தால் பழுது உறுதி என்றே சொல்லலாம். சயான் கோலிவாடாவில் எங்கள் சந்திலும் அடுத்த சந்துகளிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல, ஊரில் நடந்த திருமணங்களையும் காதுகுத்துகளையும் எடுத்த கேமராக்களை இன்னும் வைத்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு மீண்டும் ஃபிலிம் மீது ஆசை வந்ததும் அவை என் மேசைக்கு வருகின்றன, பெரும்பாலும் "ஃபிளாஷ் செத்துப்போச்சு" என்ற ஒரே புகாரோடு. திரும்பத் திரும்ப அதே பழுதைப் பார்த்ததில் கைக்கு வந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் எளிய கேமராக்களுக்கும், சிஆர்123ஏ லித்தியம் பேட்டரியில் ஓடும் தானியங்கிக் கேமராக்களுக்கும் இது பொருந்தும்.

பழுது பார்ப்பவருக்கு முதல் வழிகாட்டி, ஃபிளாஷ் தயார் என்று காட்டும் சிறு ரெடி விளக்குதான். அது எரியவில்லை என்றால் கோளாறு மின்னேற்றும் பகுதியில் இருக்கிறது. அது எரிந்தும் ஃபிளாஷ் மின்னவில்லை என்றால் கோளாறு பற்றவைக்கும் பகுதியில் இருக்கிறது. ஆகவே முதலில் விளக்கைப் பார்த்து, அதற்குரிய தலைப்புக்குச் செல்லுங்கள்.

மூடியைத் திறப்பதற்கு முன்

கேமரா சிறியது, பேட்டரி 3 வோல்ட்தான் என்று எண்ணி யாரும் ஏமாற வேண்டாம். ஃபிளாஷுக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 300 வோல்ட் நேர்மின்னழுத்தம் ஏறுகிறது. பேட்டரியைக் கழற்றி நாட்கணக்கான பின்னும் அதில் ஆபத்தான அளவு மின்னேற்றம் எஞ்சியிருக்கக்கூடும். நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் சொல்லத்தக்கதன்று. முதல் நாள் மாலை பேட்டரியை எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் மூடியைத் திறந்து மின்சுற்றுப் பலகையின் விளிம்பைப் பிடித்தேன். கை உதறியதில் கேமரா எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. விரல் பிழைத்தது, லென்ஸ் பிழைக்கவில்லை. இதய மின்முடுக்கி பொருத்தியவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மூடியைத் திறக்கும் வேலையை மேற்கொள்ளவே கூடாது.

கெப்பாசிட்டரை வெறுமையாக்க 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வாங்கி, அதன் இரு கால்களிலும் உறையிட்ட கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்து, பற்றவைத்த இடங்களையும் காப்பு உறையால் மூடி வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் ஐந்து விநாடிக்குக் குறையாமல் தொடச் செய்து, பிறகு மல்டிமீட்டரை 1000 வோல்ட் நேர்மின் வரம்பில் வைத்து அளந்து, அழுத்தம் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதை உறுதி செய்தபின்தான் கையை உள்ளே கொண்டுபோக வேண்டும். ஒரு முறை வெறுமையாக்கிய கெப்பாசிட்டரில் சில நிமிடங்களில் கொஞ்சம் அழுத்தம் மீண்டும் தலைதூக்கும். ஆகையால் ஒவ்வொரு முறை தொடும்போதும் அளவெடுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் இரு முனைகளையும் இணைத்துப் பொறி பறக்க விடுவதைச் சிலர் திறமையாகக் கருதுகிறார்கள். அது கெப்பாசிட்டருக்கும் பலகைக்கும் கண்ணுக்கும் கேடு.

எந்தச் சோதனையிலும் ஒரு கை மட்டுமே கேமராவின் உள்ளே இருக்கட்டும்.

அறிகுறி 1: விளக்கு எரியவில்லை, ரீங்காரமும் கேட்கவில்லை

கேமராவைக் காதருகே வைத்து ஃபிளாஷ் சுவிட்சைப் போட்டால், மெல்லத் தொடங்கிக் கூர்மையாகிக்கொண்டே போகும் ஒரு ரீங்காரம் கேட்க வேண்டும். அது சிறிதும் கேட்கவில்லை என்றால், உள்ளே மின்சாரமே போய்ச் சேரவில்லை என்று கொள்ளலாம். என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். அவற்றிலும் பெரும்பாலானவை மூடியைத் திறக்காமலேயே சரியாயின.

*முதலில் பேட்டரி.* எதிர்வீட்டுப் பெரியவர் ஒரே கேமராவை மூன்று முறை கொண்டுவந்தார். மூன்றாம் முறைதான் கேட்கத் தோன்றியது. "புது பேட்டரிதான் தம்பி, கடிகாரத்துக்கு வாங்குனதுல ரெண்டு மிச்சம் இருந்துச்சு" என்றார். சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் மலிவான துத்தநாகக் கார்பன் பேட்டரி, கடிகாரத்தை ஆண்டுக்கணக்கில் ஓட்டும்; ஆனால் ஃபிளாஷ் மின்னேற்றத் தொடங்கும் கணத்தில் கேட்கும் ஓர் ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை அதனால் தர இயலாது. அல்கலைன் பேட்டரிதான் போட வேண்டும், இரண்டும் ஒரே பொதியிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். வெறும் மல்டிமீட்டரில் 1.5 வோல்ட் காட்டுவதை நம்ப வேண்டாம். பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்து, இரண்டு மூன்று விநாடிக்குள் அளந்து பாருங்கள்; 1.3 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அந்தப் பேட்டரியை கடிகாரத்துக்கே திருப்பித் தந்துவிடலாம். சிஆர்123ஏ கேமராக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதே உருவத்தில் கிடைக்கும் மின்னேற்றத்தக்க லித்தியம் அயான் பேட்டரிகளில் சில முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட் வரை தரும். 3 வோல்ட்டுக்கு வடிவமைத்த கேமராவில் அதைப் போடாதீர்கள்.

*அடுத்து முனைகள்.* பேட்டரி அறையின் ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை உடையது. ஆகவே பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, முனையை மட்டும் துடைத்தால் பொடி நுரைத்துக் கரையும். எலுமிச்சைச் சாறும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் அதன் பிசுக்கு நிற்கும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த குச்சியால் இருமுறை துடைத்து உலர விடுங்கள். திரவத்தை நேராக உள்ளே ஊற்றினால் அது பலகைக்குப் போய்ப் புதிய பழுதை உண்டாக்கும். உப்புத்தாளால் தேய்ப்பது விரைவான வழியாகத் தோன்றினாலும், முனையின் மேல்பூச்சு போய்விட்டால் இந்த நகரத்தின் உப்புக் காற்றில் அடுத்த மழைக்காலத்துக்குள் துரு ஏறிவிடும். பென்சில் அழிக்கும் ரப்பரே போதுமானது.

பேட்டரி மூடியின் உட்புறத்தில் இருக்கும் தகட்டை மறந்துவிடாதீர்கள். இரண்டு பேட்டரிகளையும் இணைப்பது பல கேமராக்களில் அதுதான். மூடியின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து, மூடி அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் தொடர்பு அறுந்துவிடும். மூடியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டால் ரீங்காரம் வருகிறதா என்று பாருங்கள்.

*மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத கம்பி.* இதுதான் பலரை ஏமாற்றுவது. ஸ்பிரிங் பளபளக்கும், பேட்டரி புதிது, ஆயினும் கேமரா உயிரற்றுக் கிடக்கும். கசிந்த திரவம் ஸ்பிரிங்கின் பின்புறம் பற்றவைத்த கம்பியின் உறைக்குள் ஊடுருவி, செம்பைக் கறுப்பாக்கித் தின்றிருக்கும். இதைப் பார்க்க மூடியைத் திறக்க வேண்டும். மேலே சொன்னபடி கெப்பாசிட்டரை வெறுமையாக்கிவிட்டு, பேட்டரி இல்லாத நிலையில், ஸ்பிரிங்கிலிருந்து பலகையில் அந்தக் கம்பி சேரும் புள்ளி வரை மல்டிமீட்டரின் ஓம் வரம்பில் அளக்க வேண்டும். அளவுக் கம்பிகளின் சொந்தத் தடையைக் கழித்தபின் அரை ஓம் மிஞ்சினாலே அது பழுதுதான், ஏனெனில் ஒன்றரை ஆம்பியர் ஓடும்போது முக்கால் வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். கறுத்த கம்பியில் ஈயம் பிடிக்காது. சுரண்டிப் பார்த்து நேரத்தை வீணாக்காமல், அதே தடிமனில் புதுக் கம்பியைப் போட்டுவிடுங்கள். பழைய கம்பி எந்தத் துளை வழியாக எப்படி வளைந்து போகிறது என்பதைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு கழற்றுவது நல்லது.

*நான்காவது, ஃபிளாஷ் சுவிட்ச்.* நகர்த்தும் சுவிட்சின் உள்தகடு ஆண்டுக்கணக்கில் நகராமல் கறுத்துப் போயிருக்கும். பேட்டரி இல்லாமல் முப்பது நாற்பது முறை இப்படியும் அப்படியும் நகர்த்தினாலே பாதி சரியாகும். ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு மீண்டும் நகர்த்தினால் மீதியும் சரியாகலாம். தூக்கினால் எழும் ஃபிளாஷ் உள்ள எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமெடுக்கும்) கேமராக்களில், அது முழுதும் எழும்போது அழுந்தும் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். கீல் தளர்ந்து கொஞ்சம் தாழ நின்றாலும் அது அழுந்தாது.

இவ்வளவும் சரியாக இருந்து, பலகைக்கு 3 வோல்ட் போய்ச் சேர்ந்தும் ரீங்காரம் இல்லை என்றால், ரீங்காரத்தை எழுப்பும் ஊசலாட்ட டிரான்சிஸ்டரோ, அழுத்தத்தை உயர்த்தும் சிறு டிரான்ஸ்ஃபார்மரோ பழுதாகியிருக்கிறது. டிரான்சிஸ்டரை லேமிங்டன் சாலையின் உதிரிபாகக் கடைகளில் தேடலாம். அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைச் சொல்லியே கேளுங்கள், ஏனெனில் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும் வகைதான் இங்கே வேலை செய்யும். டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால் தனியாகத் தேடி அலைய வேண்டாம். அதே மாதிரிச் செத்த கேமரா ஒன்றிலிருந்து எடுப்பதே வழி, அதைக் கைதேர்ந்தவரிடம் விடுவதே அறிவு.

அறிகுறி 2: ரீங்காரம் கேட்கிறது, ஆனால் விளக்கு எரிய நெடுநேரம் ஆகிறது அல்லது எரிவதே இல்லை

நல்ல பேட்டரியுடன் எளிய கேமராவில் பத்து விநாடிக்குள் விளக்கு எரிந்துவிட வேண்டும். அரை நிமிடத்தைத் தாண்டினால் முதல் அறிகுறியின் பேட்டரி, முனைச் சோதனைகளை மீண்டும் ஒருமுறை செய்துவிட்டு வாருங்கள்.

அவை சரியென்றால், கேமரா எத்தனை ஆண்டு சும்மா இருந்தது என்று கேளுங்கள். நெடுங்காலம் மின்னேற்றமின்றிக் கிடந்த கெப்பாசிட்டரின் உள்ளேயிருக்கும் ஆக்சைடு படலம் நலிந்து, ஏறும் மின்சாரத்தைக் கசிய விட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு மருந்து பொறுமைதான். புதிய பேட்டரி போட்டு, சுவிட்சைப் போட்டு, விளக்கு எரியும்வரை விடுங்கள். எரிந்தபின் ஒரு நிமிடம் அப்படியே வைத்து, ஒருமுறை மின்னவிட்டு, ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். இதைப் பத்து முறை செய்தால், முதல் முறை நாற்பது விநாடி எடுத்த கேமரா கடைசியில் பன்னிரண்டுக்கு இறங்குவதைக் காணலாம். இறங்கவே இல்லை என்றாலோ, நடுவில் கெப்பாசிட்டர் இருக்கும் பக்கம் சூடாகிறது என்றாலோ உடனே நிறுத்துங்கள். ரீங்காரம் கேட்டும் விளக்கு ஒருபோதும் எரியாத கேமராவில், கெப்பாசிட்டரின் முனையில் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும்: அங்கே 300 வோல்ட்டை ஒட்டி இருந்தால் பழுது விளக்கில் மட்டுமே, கேமராவை அப்படியே பயன்படுத்தலாம்; நூற்றைம்பதில் நின்றுவிட்டால் கெப்பாசிட்டரை மாற்ற வேண்டும்.

மாற்றும்போது இரண்டு விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். பழையதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவே புதியதிலும் இருக்க வேண்டும். கூட்டினால் வெளிச்சம் கூடிப் படம் வெளுக்கும், மின்னேறும் நேரமும் நீளும். வோல்ட் அளவு 330க்குக் குறையக் கூடாது, ஃபிளாஷுக்கென்றே செய்த வகையாகவும் இருக்க வேண்டும். பவர் சப்ளையில் போடும் சாதாரணக் கெப்பாசிட்டர், விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முழுதையும் கொட்டும் வேலைக்கு உகந்ததன்று. ஃபிலிம் கழுவும் லேபுகளில், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கேமராக்களின் கூடுகள் சில நேரம் கிடைக்கும். உதிரிக்கு அவை நல்ல சுரங்கம். ஆனால் அவற்றுள் இருக்கும் கெப்பாசிட்டரும் மின்னேறிய நிலையிலேயே உங்கள் கைக்கு வரலாம். அவற்றின் பலகையை முழுதாக எடுத்துப் பொருத்தவும் முயல வேண்டாம்: அவற்றில் பல 1.5 வோல்ட்டில் ஓடுபவை.

அறிகுறி 3: விளக்கு எரிகிறது, பொத்தானை அழுத்தினால் மின்னவில்லை

*பழுதில்லாத காரணம்.* தானியங்கிக் கேமராவில் வெளிச்சம் போதுமானதாக இருந்தால் ஃபிளாஷ் வேண்டுமென்றே மின்னாது. வெளிச்ச உணரியின் மேல் விரலை வைத்து மூடிக்கொண்டு அழுத்துங்கள். மின்னினால் கேமராவில் குறையில்லை. எளிய கேமராவில் இன்னொரு வேடிக்கை உண்டு: ஃபிலிம் ஓடும்போது சுழலும் பற்சக்கரம்தான் ஷட்டரைத் தயார்ப்படுத்தும். ஃபிலிம் இல்லாமல் சோதிப்பவர்கள், பின்கதவைத் திறந்து அந்தப் பற்சக்கரத்தை விரலால் முழுச் சுற்று சுற்றிவிட்டு அழுத்த வேண்டும். இது தெரியாமல் நல்ல கேமராவைத் திறந்து பார்த்தவர்களுள் நானும் ஒருவன்.

*தொடர்புத் தகடு.* ஷட்டர் முழுதும் திறக்கும் கணத்தில் இரண்டு மெல்லிய பித்தளைத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டு ஃபிளாஷைப் பற்றவைக்கின்றன. இவை கறுப்பதே இந்த அறிகுறியின் மிகச் சாதாரணமான காரணம். கெப்பாசிட்டரை வெறுமையாக்கியபின், விசிட்டிங் கார்டு ஒன்றிலிருந்து மெல்லிய கீற்று வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, தகடுகளுக்கிடையே நுழைத்து, மேல்தகட்டை லேசாக அழுத்திக்கொண்டே வெளியே இழுங்கள். கீற்றில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை புதிய கீற்றுகளால் திரும்பச் செய்யுங்கள். தகடு வளைந்து, தொட வேண்டிய நேரத்தில் எட்டாமல் நின்றால், சாமணத்தால் மயிரிழை அளவு வளைக்கலாம். அதிகம் வளைத்தால் ஐந்தாம் அறிகுறி உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

தகட்டின் மேல் சந்தேகம் தீர, கெப்பாசிட்டர் ஏறிய நிலையில் நன்கு உறையிட்ட ஒரு துண்டுக் கம்பியால் இரு தகடுகளையும் இணைத்துப் பார்ப்பது வழக்கம். பழைய கேமராக்களில் இந்தத் தகடுகளிலேயே நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும் என்பதால், கைப்பழக்கம் இல்லாதவர்கள் இந்தச் சோதனையை விட்டுவிடலாம். இணைத்ததும் மின்னினால், ஒளியைத் தரும் ஃபிளாஷ் குழாயும் பலகையும் நலம். குற்றம் தகட்டில் மட்டுமே.

*குழாயின் பக்கம்.* அப்போதும் மின்னவில்லை என்றால், கண்ணாடிக் குழாயைத் தாங்கும் உலோகப் பிரதிபலிப்பானைப் பாருங்கள். சிறு பற்றவைப்புச் சுருளிலிருந்து வரும் மெல்லிய கம்பி பல கேமராக்களில் அந்த உலோகத்தோடுதான் இணைந்திருக்கும். அதன் வழியே சில ஆயிரம் வோல்ட் கணநேரம் பாய்ந்தால்தான் குழாயினுள் செனான் வாயு மின்சாரத்துக்கு வழிவிடும். கீழே விழுந்த கேமராக்களில் இந்தக் கம்பி அறுந்து கிடப்பதை அடிக்கடி காணலாம். மீண்டும் ஈயத்தால் பற்றவைத்தால் முடிந்தது வேலை. குழாயின் முனையில் விரிசலோ பால்போன்ற வெண்மையோ தெரிந்தால் வாயு போய்விட்டது என்று பொருள். மாற்றுக் குழாயை வெறும் விரலால் தொடாதீர்கள், அதன் எதிர்முனையும் நேர்முனையும் மாறாமல் பொருத்துங்கள்.

பற்றவைப்புச் சுருளும் அதற்கான சிறு கெப்பாசிட்டரும் கடைசிச் சந்தேகங்கள். அந்தச் சிறு கெப்பாசிட்டர் மலிவானது, ஆகவே முதலில் அதை மாற்றிப் பார்ப்பது என் வழக்கம். அதுவும் பயன் தராவிட்டால் கேமராவை மூடிவிட்டுக் கடைக்குப் போகலாம்.

அறிகுறி 4: மின்னுகிறது, ஆனால் படம் இருட்டாக வருகிறது

பத்தில் பல நேரங்களில் இது கேமராவின் பிழையன்று, கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மணமேடையைப் படமெடுத்தவரின் பிழை. சிறு கேமராவின் ஃபிளாஷ் வலிமை எண் (லென்ஸின் துளை எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும்) ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் ஏறத்தாழ 12 என்று கொண்டால், எஃப்/4 துளையில் 3 மீட்டர் வரையும், எஃப்/8 துளையில் ஒன்றரை மீட்டர் வரையும்தான் அது எட்டும். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டால் இந்தத் தூரம் இரட்டிப்பாகும்.

தூரம் சரியாக இருந்தும் இருட்டு என்றால், ஃபிலிம் டப்பியின் மேலுள்ள கறுப்பு வெள்ளிக் கட்டங்களைப் படிக்கும் ஊசிகளைத் துடையுங்கள். அவை அழுக்கானால் கேமரா 400ஐ வேறு ஏதோ எண்ணாகப் படித்துவிடும். பிறகு ஷட்டர் திறந்திருக்கும் கணத்திலேயே ஃபிளாஷ் மின்னுகிறதா என்ற ஒத்திசைவைப் பாருங்கள்: அறையை இருட்டாக்கி, ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் நிற்குமிடத்தில் டிரேசிங் தாளை வைத்து, வெள்ளைச் சுவரை நோக்கி அழுத்துங்கள். தாள் முழுவதும் பளிச்சென்று ஒளிர்ந்தால் ஒத்திசைவு சரி. மின்னியும் தாள் இருட்டாகவே இருந்தால், ஷட்டர் திறப்பதற்கு முன்போ மூடிய பின்போ ஃபிளாஷ் மின்னுகிறது. தொடர்புத் தகட்டின் வளைவைச் சரிபார்க்க வேண்டும். எஸ்எல்ஆரில் படத்தின் ஒரு பாதி மட்டும் கறுத்தால், ஃபிளாஷுக்குரிய ஷட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவே.

அறிகுறி 5: தானாக மின்னுகிறது, அல்லது "டிக் டிக்" என்று வெடிக்கிறது

மின்னேறிய உடனே தானாக மின்னினால், தொடர்புத் தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அல்லது ஈரம் அவற்றுக்கிடையே பாலம் போட்டிருக்கிறது. ஜூலை மாதத்தில் இப்படி வந்த கேமராவை நான் உடனே திறப்பதில்லை. பேட்டரியை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகா டப்பாவில் மூன்று நாள் வைத்தபின்தான் பார்ப்பேன். பாதிக் கேமராக்கள் அந்த டப்பாவுக்குள்ளேயே குணமாகிவிடும்.

டிக் டிக் ஒலி வேறு கதை. உயர் அழுத்தம் குழாய்க்குப் போகாமல் அழுக்கின் வழியே எங்கோ பாய்கிறது. இருட்டில் பார்த்தால் நீலப் பொறி தெரியலாம். பொறி விழும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, முற்றிலும் உலர்ந்தபின் ஒருமுறை மட்டும் சோதியுங்கள். ஒலி நிற்கவில்லை என்றால், கருகல் நாற்றம் வந்தால், கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால், அதோடு வீட்டு வைத்தியம் முடிந்தது.

கடைக்குக் கொடுக்கும்போது

நெகிழ் பலகையில் எல்லாப் பாகங்களும் பதிந்திருக்கும் தானியங்கிக் கேமராக்களை முதல் அறிகுறியின் பேட்டரி, முனைச் சோதனைகளோடு நிறுத்திவிட்டுத் தேர்ந்தவரிடம் கொடுப்பதே நல்லது. அந்தப் பலகை ஒருமுறை கிழிந்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. கோட்டைப் பகுதியின் போரா பஜார் தெருப் பக்கம் கேமரா வேலை தெரிந்தவர்களை விசாரித்துக் கண்டுபிடிக்கலாம். கூலி பேசுவதற்கு முன், சோர் பஜாரில் அதே மாதிரிக் கேமரா ஒன்று பழுதான நிலையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனால், உதிரிக்கும் ஆயிற்று, பேரத்துக்கும் ஆயிற்று.

கொடுக்கும்போது எந்த அறிகுறி, எந்தெந்தச் சோதனை செய்தீர்கள், எதைப் பற்றவைத்தீர்கள் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, கழன்ற திருகுகளோடு சேர்த்து ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். பேட்டரியை எடுத்துவிட்டுக் கொடுங்கள். நீங்கள் மூடியைத் திறந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஏனெனில் கெப்பாசிட்டரில் இன்னும் மின்னேற்றம் இருக்கிறதா என்பது அவருடைய விரலுக்கும் தெரிந்தாக வேண்டிய செய்தி.